லாக்டேட் முதல் கைனுரெனின் வரை: வைரஸ் நோயில் ரத்தத்தை எப்படிப் படிப்பது?

உயிர்வேதியியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டது இது: “வைரஸ் தொற்று வந்தவர்களின் ரத்தத்தில் வளர்சிதைப் பொருட்களை அளந்தால் நோயைப் பற்றி உண்மையில் என்ன தெரியும்? எந்த வைரஸ் என்று சொல்ல முடியுமா? ஆய்வுக்கு எந்தப் பொருளை எடுத்துக்கொள்ளலாம்?”

முதலில் நேரடி விடை. வளர்சிதைப் பொருட்கள், அதாவது உடலின் வேதிமாற்றங்களில் உருவாகும் சிறு மூலக்கூறுகள், எந்த வைரஸ் என்று சொல்லாது. அதற்கு பி.சி.ஆர். இருக்கிறது, எதிர்ப்பொருள் சோதனை இருக்கிறது. உடம்பு அந்த வைரஸோடு எப்படி மல்லுக்கட்டுகிறது, எந்த உறுப்பு திணறுகிறது, நிலைமை எந்தப் பக்கம் போகிறது என்பதை இவை சொல்லும். ஆனால் ஓர் அளவு கூடியிருக்கிறது என்றதும் முடிவுக்குப் போய்விடாதீர்கள். அது அதிகமாக உற்பத்தியாகிறதா, வெளியேறுவது குறைந்துவிட்டதா, அல்லது ரத்தம் எடுத்த பிறகு குழாய்க்குள்ளேயே மாறிப்போனதா? இதற்கு விடை தெரியாமல் எழுதப்படும் கட்டுரைகள்தான் இந்தத் துறையில் அதிகம் என்பது என் எண்ணம்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1960இல் வெர்னன் ரைலியும் அவருடைய குழுவினரும் புற்றுக்கட்டி வைத்த எலிகளின் பிளாஸ்மாவில் (ரத்தத்தில் செல்களை நீக்கினால் மிஞ்சும் திரவத்தில்) லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியை அளந்துகொண்டிருந்தார்கள். பல மடங்கு கூடியிருந்தது. கட்டியிலிருந்துதான் கசிகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த எலிகளின் பிளாஸ்மாவைக் கட்டியே இல்லாத எலிகளுக்குச் செலுத்தினாலும் அவற்றிலும் நொதி ஏறியது. கட்டியோடு ஒட்டிக்கொண்டு ஒரு வைரஸ் எலிக்கு எலி பரவியிருந்தது! அதற்கு இந்த நொதியின் பெயரையே வைத்தார்கள். இன்னும் சுவையான பகுதி பின்னால் தெரியவந்தது. அந்த வைரஸ் எந்த உறுப்பையும் பெரிதாக உடைத்து நொதியைக் கொட்டவைப்பதில்லை. ரத்தத்திலிருந்து அந்த நொதியை அள்ளி அகற்றும் ஒருவகை மேக்ரோஃபேஜ் (விழுங்கித் துப்புரவு செய்யும்) செல்களைத்தான் அது கொல்கிறது. அகற்ற ஆளில்லாததால் அளவு ஏறுகிறது. எலியோ நோயின் அறிகுறி எதுவும் இல்லாமல் ஓடித் திரிகிறது. நொதியின் அளவை மட்டும் பார்த்தவர் உறுப்புச் சேதம் என்றுதான் எழுதியிருப்பார்.

சரி, வைரஸுக்கும் வளர்சிதை மாற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? வைரஸுக்குச் சொந்தமாக வளர்சிதை மாற்றம் கிடையாது. நியூக்ளியோடைடு, அமினோ அமிலம், கொழுப்பு, ஆற்றல் எல்லாமே நம் செல்லிலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும். சைட்டோமெகாலோ வைரஸ் புகுந்த செல் குளுக்கோஸை வேகமாக எரித்து, கொழுப்பு அமிலத்தைக் கூடுதலாகத் தயாரிக்கிறது. டெங்கு வைரஸின் என்.எஸ்.3 என்ற புரதம், கொழுப்பு அமிலம் கட்டும் நொதியைத் தான் பெருகும் இடத்துக்கே இழுத்துக்கொண்டு வருகிறது என்று 2010இல் காட்டினார்கள். ஆனால் இவை பெரும்பாலும் செல்லுக்குள் நடப்பவை. ரத்தத்தில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி வைரஸ் செய்தது அல்ல, நம் எதிர்ப்பாற்றலும் கல்லீரலும் தசையும் செய்தது. இதை மறந்துவிட்டு “வைரஸ் இந்தப் பாதையைக் கைப்பற்றுகிறது” என்று சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் திரவம்) அளவுகளை வைத்து எழுதுவது எனக்கு ஒப்பாத விஷயம்.

விதிவிலக்கு என்று சொல்ல வேண்டுமானால் ஹெபடைட்டிஸ் சி. அது கல்லீரல் செல்லில் கொழுப்புத் துளிகளை ஒட்டியே தன் துகள்களைக் கட்டுகிறது, கல்லீரல் கொழுப்பை வெளியே அனுப்பும் வழியிலேயே தானும் வெளியேறுகிறது. அதனால் நாள்பட்ட தொற்று இருப்பவர்களுக்கு எல்.டி.எல். கொலஸ்ட்ரால் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். மருந்து கொடுத்து வைரஸ் ஒழிந்ததும் எல்.டி.எல். ஏறும். இது மருந்தின் பக்க விளைவோ என்று நோயாளி பயப்படுவதுண்டு. வைரஸ் மறைத்துவைத்திருந்த அளவு வெளியே தெரிகிறது, பெரும்பாலும் அவ்வளவுதான்.

இனி, ஆய்வுக்கு எடுக்கத் தகுந்தவை. என்னைக் கேட்டால் முதலிடம் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம், அது உடைந்து வரும் கைனுரெனின் ஆகிய ஜோடிக்குத்தான். வைரஸ் தொற்றில் டி செல்கள், என்.கே. செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. அது பல செல்களில் ஐ.டி.ஓ. என்ற நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி டிரிப்டோஃபானை உடைக்கத் தொடங்க, அடுத்த படியில் கைனுரெனின் வருகிறது. ஆக ஒன்று இறங்கும், மற்றொன்று ஏறும். எச்.ஐ.வி., டெங்கு, இன்ஃப்ளுயன்சா, கோவிட் எல்லாவற்றிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். கோவிட்டில் நோய் தீவிரமாக ஆக இந்த மாற்றமும் பெரிதாகிறது. எச்.ஐ.வி.யில் சிகிச்சைக்குப் பிறகு கைனுரெனினை டிரிப்டோஃபானால் வகுத்த விகிதம் குறைந்தாலும் பலருக்கு முழுதாக இயல்புக்குத் திரும்புவதில்லை. வைரஸ் ரத்தத்தில் அளக்க முடியாத அளவுக்குப் போன பிறகும் உள்ளே அழற்சி புகைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் விளக்கத்துக்காக மட்டும். ஆரோக்கியமானவரிடம் டிரிப்டோஃபான் லிட்டருக்கு 60 மைக்ரோமோல், கைனுரெனின் 2 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 0.033. காய்ச்சலில் டிரிப்டோஃபான் 35க்கு இறங்கி, கைனுரெனின் 4.5க்கு ஏறினால் விகிதம் 0.129. தனித்தனியாகப் பார்த்தால் கைனுரெனின் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே, டிரிப்டோஃபான் பாதிக்குச் சற்று மேலே. சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட நாலு மடங்கு மாற்றம். விகிதத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. நோயாளிக்கு நரம்பு வழியாகத் திரவம் ஏற்றியிருந்தால் இரண்டும் ஒரே அளவில் நீர்த்துப்போகும், விகிதம் அவ்வளவாக அசையாது.

ஆனால் இதே விகிதம் ஏமாற்றவும் செய்யும். இன்னொருவருக்கு டிரிப்டோஃபான் 60லேயே நிற்கிறது, கைனுரெனின் மட்டும் 4. விகிதம் இரட்டித்துவிட்டது. இங்கே ஐ.டி.ஓ.வைச் சந்தேகிப்பதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினைனைப் பாருங்கள். கைனுரெனினும் அதன் வழிப்பொருட்களும் வெளியேறுவதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு, அது தளர்ந்தாலே இவை தேங்கும். தீவிர தொற்றில் சிறுநீரகம் பாதிக்கப்படுவது சகஜம் என்பதால், “கைனுரெனின் மரணத்தை முன்னறிவிக்கிறது” என்ற செய்தியில் எவ்வளவு பங்கு சிறுநீரகத்துக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் கல்லீரலில் டி.டி.ஓ. என்று இன்னொரு நொதி இருக்கிறது. அதுவும் டிரிப்டோஃபானை இதே பாதையில்தான் அனுப்பும், ஆனால் அதைத் தூண்டுவது கார்ட்டிசால் என்ற ஹார்மோன். நோயாளிக்குக் கார்ட்டிசால் போலச் செயல்படும் டெக்ஸாமெத்தசோன் மருந்தைக் கொடுத்திருக்கிறார்களா என்று குறிப்பில் இல்லையென்றால் உங்கள் விளக்கம் ஆட்டம் காணும். டிரிப்டோஃபானின் பெரும்பகுதி ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் ரத்தத்தில் ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். டெங்குவில் ரத்தக்குழாய் கசிந்து ஆல்புமின் வெளியேறும்போது மொத்த டிரிப்டோஃபானும் அதோடு சேர்ந்து குறையக்கூடும். ஆகவே இந்த ஜோடியை எடுத்தால் கூடவே கிரியேட்டினைன், ஆல்புமின் இரண்டையும் அளந்தே தீர வேண்டும்.

எதிர்ப்பாற்றல் விழித்திருப்பதைக் காட்டும் நியோப்டெரின் என்ற பொருள் இதற்கு நெருங்கிய உறவு. அதே இன்டர்ஃபெரான் காமா மனித மேக்ரோஃபேஜில் ஜி.டி.பி. என்ற நியூக்ளியோடைடை உடைக்கும் நொதியைத் தூண்டுகிறது. அடுத்த படிக்கான நொதி அந்தச் செல்லில் போதிய அளவு இல்லாததால் பாதை நடுவழியில் நின்று நியோப்டெரினாக வெளியே வருகிறது. வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகும் முன்பே இது ஏறிவிடும் என்பதால், ஆஸ்திரியாவில் 1994 முதல் ரத்த தானங்களை இதை வைத்தும் சோதித்திருக்கிறார்கள். என்ன தொற்று என்று தெரியாமலே “இந்த ரத்தத்தில் ஏதோ இருக்கிறது” என்று ஒதுக்கிவைக்க அது உதவியது. நீங்கள் எலிகளில் ஆய்வு செய்யப் போவதாக இருந்தால் நியோப்டெரினை விட்டுவிடுங்கள். எலியின் மேக்ரோஃபேஜில் அந்தப் பாதை இப்படி நடுவழியில் நிற்பதில்லை, அளப்பதற்குப் போதிய நியோப்டெரின் வராது. மனித மாதிரியாக இருந்தால் குழாயை வெளிச்சத்திலிருந்து மறைத்துவைக்க வேண்டும், ஒளி பட்டால் சிதையும்.

பெயர் தெரியாத வைரஸை மறைமுகமாகப் பிடிப்பது புதிய யோசனையும் அல்ல. ஹெபடைட்டிஸ் சி 1989இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன்பே, 1980களின் பிற்பகுதியில், அமெரிக்க ரத்த வங்கிகள் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி கூடியிருந்த தானங்களை ஒதுக்கத் தொடங்கியிருந்தன. ஏதோ ஒரு கல்லீரல் அழற்சி ரத்தம் வழியாகப் பரவுகிறது, அது ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்பது மட்டும்தான் அப்போது தெரியும். நல்ல ரத்தமும் நிறைய வீணானது. இருந்தாலும் கையில் இருந்தது அதுதான்.

இப்போது, எனக்கு மிகவும் பிடித்த பொருள். இன்டர்ஃபெரான் வந்ததும் செல்கள் வைப்பெரின் என்ற புரதத்தைத் தயாரிக்கும் என்பது வெகுநாளாகத் தெரியும். அது வைரஸைத் தடுக்கிறது, ஆனால் எப்படி என்பது புதிராக இருந்தது. 2018இல் விடை கிடைத்தது. வைப்பெரின் ஒரு நொதி. ஆர்.என்.ஏ. கட்டப் பயன்படும் சி.டி.பி. என்ற சாதாரண நியூக்ளியோடைடை எடுத்து, அதன் சர்க்கரைப் பகுதியிலிருந்து ஒரு நீர் மூலக்கூறைக் கழற்றிவிடுகிறது. அப்படி மாறிய பொருளை டெங்கு, சிக்கா போன்ற வைரஸ்களின் ஆர்.என்.ஏ. கட்டும் நொதி தெரியாமல் சங்கிலியில் கோத்துவிட்டால், அடுத்த கண்ணியை மாட்ட அங்கே கொக்கி இருக்காது. சங்கிலி அதோடு நிற்கும். மருந்து நிறுவனங்கள் ஆய்வகத்தில் உருவாக்கும் சங்கிலி நிறுத்தி மருந்துகளைப் போன்ற ஒன்றை நம் செல்லே தயாரிக்கிறது! பாக்டீரியாக்களும் தங்களைத் தாக்கும் வைரஸ்களுக்கு எதிராக வைப்பெரினின் உறவுகளை வைத்திருக்கின்றன என்பது பிறகு தெரியவந்தது.

இந்தப் பொருளின் பாஸ்பேட்டுகள் கழன்ற வடிவத்தைச் சுருக்கமாக டி.டி.எச்.சி. என்பார்கள். அது ரத்தத்துக்குள் வருகிறது. தீவிர வைரஸ் தொற்று உள்ளவர்களின் சீரத்தில் கூடுதலாகவும், பாக்டீரியா தொற்றுள்ளவர்களிடம் குறைவாகவும் இருப்பதை 2022இல் வெளியிட்டார்கள். நோயின் தொடக்க நாட்களில் உச்சத்தில் இருந்து பிறகு இறங்குகிறது. மற்ற பொருட்களோடு ஒப்பிட்டால் இதன் தனிச்சிறப்பு, பின்னணிச் சத்தம் மிகவும் குறைவு என்பதுதான். டிரிப்டோஃபான் உணவிலும் வரும், குளுக்கோஸ் உடைவதில் வரும் லாக்டேட் நாம் சற்று ஓடினாலே ஏறும். டி.டி.எச்.சி.க்கு வைப்பெரினைத் தவிர வேறு வழியில்லை. ஒரு குறை, வைப்பெரினைத் தூண்டுவது இன்டர்ஃபெரான் என்பதால், சிகிச்சைக்காக இன்டர்ஃபெரான் கொடுக்கப்பட்டவர்களிடம் இதன் பொருள் வேறாகிவிடும். அளப்பதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் கருவி) வேண்டும் என்பதும் ஒரு தடை, உங்கள் ஆய்வகத்தில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கொழுப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. எந்தத் தீவிர தொற்றிலும் எச்.டி.எல். இறங்கும், எல்.டி.எல்.லும் பெரும்பாலும் இறங்கும், டிரைகிளிசரைடு ஏறும். எச்.ஐ.வி.யில் முதலில் எச்.டி.எல்., பிறகு எல்.டி.எல்., கடைசியில் டிரைகிளிசரைடு என்று வரிசையாக மாறுவதை மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்திலேயே குறித்திருக்கிறார்கள். தீவிர டெங்குவில் கொலஸ்ட்ரால் குறைவது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் அது வைரஸ் பயன்படுத்தியதாலா, கல்லீரல் தயாரிக்காததாலா, பிளாஸ்மா கசிவோடு போனதாலா என்று ஒரே ஒரு நாள் எடுத்த ரத்தத்தை வைத்துச் சொல்லவே முடியாது. இன்னொன்று, இது ஆய்வுக்கு வெளியே எல்லோருக்கும் பொருந்தும்: காய்ச்சலோடு கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்தால் வரும் எண் உங்களுடைய வழக்கமான எண் அல்ல. குணமாகிச் சில வாரம் கழித்துச் செய்துகொள்வதே நல்லது. ரத்தச் சர்க்கரையும் அப்படித்தான், காய்ச்சலின் அழுத்தத்தில் ஏறும். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்ததா என்பதைக் கடந்த சில மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. காட்டிக்கொடுத்துவிடும், சில நாள் காய்ச்சலில் அது பெரிதாக மாறுவதில்லை.

குழாய்க்கு வருவோம். மாணவர்கள் அதிகம் அலட்சியம் செய்வது இதைத்தான். ரத்தத்தை எடுத்து வைத்த பிறகும் சிவப்பணு உயிரோடுதான் இருக்கிறது, குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டைக் கொட்டுகிறது. அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் போய்விடும். 100 இருந்த இடத்தில் மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ 83. வெள்ளையணு மிகுந்த ரத்தத்தில் இன்னும் வேகமாக. “நோயாளிகளிடம் கிளைக்காலிசிஸ் (குளுக்கோஸ் உடைப்பு) கூடியிருக்கிறது” என்று ஒரு வரைபடம் வந்தால், நோயாளிகளின் குழாய் வார்டில் காத்திருந்ததா, ஆரோக்கியமானவர்களின் குழாய் ஆய்வகத்திலேயே எடுக்கப்பட்டு உடனே சுழற்றப்பட்டதா என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஃப்ளோரைடு குழாய் போட்டால் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். ஃப்ளோரைடு தடுப்பது குளுக்கோஸ் உடையும் பாதையின் பிற்பகுதியில் இருக்கும் ஈனோலேஸ் என்ற நொதியை. அதனால் லாக்டேட் சீக்கிரம் நிலைத்துவிடும். ஆனால் அதற்கு முந்தைய நொதிகள் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குக் குளுக்கோஸை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். பனிக்கட்டியில் வைத்து உடனே பிளாஸ்மாவைப் பிரிப்பதுதான் நம்பகமான வழி.

சீரமா, பிளாஸ்மாவா என்பதும் சின்ன விஷயம் அல்ல. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் செரட்டோனினைக் கொட்டும். ஆகவே சீரத்தின் செரட்டோனின் பெரும்பாலும் தட்டணு எண்ணிக்கையின் நிழல்தான். டெங்குவில் தட்டணு விழும், அப்போது சீரத்தில் செரட்டோனின் குறைந்தே தீரும். அதை மூளையோடு முடிச்சுப் போட்டால் வம்புதான். 2023இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்டகால கோவிட்டில் செரட்டோனின் குறைவதாகச் சொன்னபோது, காரணங்களாகக் காட்டியவற்றில் தட்டணுக்களில் ஏற்படும் மாற்றமும் ஒன்று. குடலில் டிரிப்டோஃபான் உறிஞ்சப்படுவது குறைகிறது என்பது இன்னொன்று. வெறும் ஒரு சீரம் எண்ணோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை.

மருந்தும் எண்ணை மாற்றும். எச்.ஐ.வி. மருந்தான ஸ்டவுடின் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. நகலெடுக்கும் நொதியைத் தடுத்து லாக்டேட்டை ஆபத்தான அளவுக்கு ஏற்றும். அதைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்னது. அட்டாசனாவிர் பிலிருபினை ஏற்றும், ஃபேவிபிராவிர் யூரிக் அமிலத்தை ஏற்றும். இந்த மூன்றையும் வைரஸின் தலையில் கட்டுவது எளிது.

உணவு நிலையும் அப்படி. காய்ச்சலில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. உடல் பட்டினி நிலைக்குப் போய் கொழுப்பை எரித்து கீட்டோன் தயாரிக்கிறது. இது வெறும் குழப்பக் காரணி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. யேல் பல்கலைக்கழகத்தில் 2016இல் வந்த எலி ஆய்வில், பாக்டீரியா தொற்று உள்ள எலிகளுக்குக் குளுக்கோஸ் கொடுத்தது கெடுதலாகவும், இன்ஃப்ளுயன்சா வந்த எலிகளுக்கு அதே குளுக்கோஸ் உயிர் காப்பதாகவும் இருந்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்கு மாற்றச் சொல்லவில்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்ற ஒரு வரியைப் படிவத்தில் சேர்த்துவிடுங்கள், போதும்.

கடைசியாக உங்கள் ஆய்வு வடிவமைப்பு. காய்ச்சல்காரர்களையும் ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட வேண்டாம். அப்படிச் செய்தால் நூற்றுக்கணக்கான பொருட்கள் மாறியிருப்பதாகக் கணினி காட்டும், அத்தனையும் “இவருக்கு உடம்பு சரியில்லை” என்பதை மட்டுமே சொல்லும். அது வெப்பமானியே சொல்லிவிடும். ஒப்பீட்டுக்கு வேறு காரணத்தால் காய்ச்சல் வந்தவர்கள் வேண்டும், பாக்டீரியா தொற்று உறுதியானவர்கள் சிறந்தது. இருபது முப்பது பேரை வைத்து ஐநூறு பொருட்களை அளந்து, அதிலிருந்து ஒரு சூத்திரம் கட்டினால் அது அந்த இருபது முப்பது பேருக்கு மட்டும் பிரமாதமாக வேலை செய்யும். அதைவிட ஐந்தாறு பொருட்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, ஒரே நபரிடம் பல நாட்களில் அளப்பது எவ்வளவோ மேல். நாளைக் கணக்கிடும்போது மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணாமல் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள். டெங்குவில் மூன்றாம் நாள் ரத்தமும் ஆறாம் நாள் ரத்தமும் இரண்டு வேறு நோய்கள் போலத் தெரியும், கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடும் தருணத்தில்தான் தொடங்குகிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் டிரிப்டோஃபான், கைனுரெனின், நியோப்டெரின், லாக்டேட் நான்கையும், துணைக்குக் கிரியேட்டினைன், ஆல்புமின், தட்டணு எண்ணிக்கையையும் எடுப்பேன். கருவி கைக்கு எட்டினால் டி.டி.எச்.சி. ஒவ்வொருவரிடமும் சேர்க்கையின்போது ஒன்று, இரண்டு நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு, குணமாகி ஒரு மாதம் கழித்து ஒன்று என்று மாதிரி எடுக்கலாம். அந்தக் கடைசி மாதிரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், குணமானவர் திரும்பி வரமாட்டார் என்று. அவரை வரவழைக்க முடிந்தால் ஒவ்வொருவருக்கும் அவருடைய இயல்பான அளவே ஒப்பீடாகக் கிடைத்துவிடும்.